காசுக்குப் படிக்குமா பிள்ளை?

“பத்தாம் வகுப்பில் 450 வாங்கினால் சைக்கிள்.” “கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் செல்போன்.” பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் இப்படி ஒரு பேச்சு எழாத வீடு நம் ஊரில் குறைவு. பிள்ளை தலையாட்டும், தேர்வும் முடியும். சில வீடுகளுக்குச் சைக்கிள் வரும். பல வீடுகளுக்கு வராது. வந்த வீட்டிலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்: சைக்கிளுக்காகத்தான் படித்தானா, இல்லை எப்படியும் படித்திருப்பானா? வராத வீட்டின் கேள்வி இன்னும் கடினமானது. சைக்கிள் மேல் அவ்வளவு ஆசை இருந்தும் மதிப்பெண் ஏன் ஏறவில்லை?

இதைப் பேசத் தொடங்கினாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். படிப்பது பிள்ளையின் கடமை, அதற்குக் காசு கொடுப்பது லஞ்சம் என்பது ஒரு கட்சி. பெரியவர்களே சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போவதில்லை, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் கிடைக்கப்போகும் பலனை நம்பிப் பிள்ளைகள் மட்டும் இன்று உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிகளும் ஒரு விஷயத்தை ஆராயாமலே ஒப்புக்கொள்கின்றன: காசு கொடுத்தால் பிள்ளை நன்றாகப் படித்துவிடும். அது உண்மைதானா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குலுக்கிப் பார்ப்பது

பரிசு அறிவித்த வீட்டுப் பிள்ளைகளையும் அறிவிக்காத வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. பரிசு அறிவிக்கும் வீடுகள் பெரும்பாலும் படிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படும் வீடுகள். அங்கே டியூஷன் இருக்கும், படித்த சித்தப்பா இருப்பார், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அருகில் உட்கார்ந்துகொள்ளும் அம்மா இருப்பார். மதிப்பெண் ஏறினால் அது காசின் வேலையா, அம்மாவின் வேலையா என்று பிரிக்க முடியாது.

மருந்துகளைச் சோதிப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஆள்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்தால், பணக்காரர், ஏழை, கெட்டிக்காரர், சோம்பேறி எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடுவார்கள். பிறகு தெரியும் வேறுபாட்டுக்கு மருந்துதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். இதைக் குலுக்கல் சோதனை என்று அழைப்போம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் 2007-ஆம் ஆண்டில் இதே முறையைப் பள்ளிக்கூடங்களில் பயன்படுத்தினார். டாலஸ், நியூயார்க், சிகாகோ ஆகிய அமெரிக்க நகரங்களின் அரசுப் பள்ளிகள். பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களையும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். எந்தப் பள்ளியில் காசு, எந்தப் பள்ளியில் இல்லை என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. பள்ளிக்கூடம் லஞ்சம் கொடுக்கிறது என்று கண்டனங்கள் எழுந்தன. ஆனாலும் சோதனை நடந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் முடிவுகள் 2011-இல் வெளியாயின.

இரண்டு நகரங்கள், இரண்டு விலைப்பட்டியல்கள்

மூன்று நகரங்களிலும் ஒரே மாதிரிக் காசு கொடுக்கவில்லை. அதுதான் இந்தச் சோதனையின் அழகு. சிகாகோவைப் பிறகு பார்க்கலாம். நியூயார்க்கையும் டாலஸையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

நியூயார்க்கில் நான்காம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்குக் காசு. வருஷத்தில் பத்துத் தேர்வுகள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரு தேர்வை எழுதி முடித்தாலே 5 டாலர். மதிப்பெண் ஏற ஏறத் தொகையும் ஏறும். முழு மதிப்பெண் வாங்கினால் 25 டாலர். ஏழாம் வகுப்புக்கு இதைப்போல் இரு மடங்கு. கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் ஏழாம் வகுப்பில் வருஷத்துக்கு 500 டாலர் வரை சம்பாதிக்கலாம். ஏழை வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது கண்ணை விரியவைக்கும் தொகை.

டாலஸில் பங்கேற்றவர்கள் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள். அங்கே மதிப்பெண்ணுக்குக் காசு கிடையாது. ஒரு புத்தகம் படித்தால் 2 டாலர். அன்றைய மதிப்பில் நம் பணம் ஏறக்குறைய 80 ரூபாய். குழந்தை தன் நிலைக்கு ஏற்ற புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம். படித்து முடித்ததும் கணினியில் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சில எளிய கேள்விகள். நூற்றுக்கு எண்பது சரியாக இருந்தால் 2 டாலர் கணக்கில் ஏறும். ஒரு பருவத்துக்கு அதிகபட்சம் 20 புத்தகங்கள். ஆண்டு முடிவில் ஒரு குழந்தை சராசரியாகச் சம்பாதித்தது ஏறக்குறைய 14 டாலர். நியூயார்க்கின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாக 230 டாலருக்கு மேல் பெற்றார்கள்.

இரண்டில் எது பலித்திருக்கும்? பெரும்பாலோர் நியூயார்க் என்பார்கள். நமக்கு வேண்டியது மதிப்பெண். அதற்கே நேரடியாக விலை வைத்தாயிற்று, தொகையும் பெரிது.

நியூயார்க்கில் எதுவும் நடக்கவில்லை. ஆண்டு இறுதித் தேர்வுகளில் காசு பெற்ற பள்ளிகளும் பெறாத பள்ளிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. டாலஸில், ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய குழந்தைகளின் வாசிப்புத் திறன் தெளிவாக ஏறியது. மூன்று நகரங்களின் தேர்வுகளிலும் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்த ஒரே முன்னேற்றம் அதுதான். அதே டாலஸில் ஸ்பானிஷில் தேர்வு எழுதிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எல்லோரையும் சேர்த்துக் கூட்டினால் சராசரி ஏறக்குறைய சுழியம். ஆகவே டாலஸை முழு வெற்றி என்று கொண்டாட முடியாது. ஆனாலும் 14 டாலர் ஒரு பகுதிக் குழந்தைகளிடமாவது செய்ததை 230 டாலர் யாரிடமும் செய்யவில்லை. ஏன்?

பிள்ளைகளைக் கேட்டபோது

நியூயார்க் பிள்ளைகளுக்குக் காசின் மேல் ஆசை இல்லை என்று சொல்லிவிட முடியாது. திட்டம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. எந்தத் தேர்வில் எவ்வளவு கிடைத்தது என்று விரல்நுனியில் வைத்திருந்தார்கள். ஃபிரையரின் குழுவினர் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: “அடுத்த முறை இன்னும் அதிகமாகச் சம்பாதிக்க என்ன செய்வாய்?”

பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. கேள்வியைக் கவனமாகப் படிப்பேன். அவசரப்படாமல் எழுதுவேன். எழுதியதை இன்னொரு முறை சரிபார்ப்பேன்.

பாடப்புத்தகத்தைத் திறப்பேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்வேன், புரியாததை ஆசிரியரிடம் கேட்பேன் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. தேர்வு அறைக்குள் நுழைந்த பிறகு செய்யக்கூடியவை மட்டுமே அவர்கள் மனதில் வந்தன. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் தம்மால் என்ன செய்ய முடியும் என்ற எண்ணமே எழவில்லை.

இந்த ஆராய்ச்சி முழுவதிலும் என்னை மிகவும் பாதித்தது இந்தப் பதில்கள்தான். நன்றாகப் படிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, மதிப்பெண் எப்படி வருகிறது என்பது மூச்சுவிடுவதைப்போல் தெரியும். இன்று நடத்தியதை இன்றே பார்ப்பது, தப்பாகப் போட்ட கணக்கைத் திரும்பப் போடுவது, புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்பது என்று அந்தப் பாதை காலடியிலேயே கிடக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அது தெரியும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தெரியாத பிள்ளையைப் பார்த்து “முயற்சி போதவில்லை” என்கிறோம்.

அக்கரையில் பணம்

நீச்சல் தெரியாத ஒருவரை ஆற்றங்கரையில் நிறுத்தி, அக்கரையில் ஆயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தொகையைப் பத்தாயிரமாக்கினாலும் அவருக்கு நீச்சல் வந்துவிடாது.

கொடுக்கும் காசை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பேசுவது எளிதாகும். மதிப்பெண், தேர்ச்சி, தரவரிசை போன்ற பலனுக்குக் கொடுப்பதை விளைவுக் காசு என்போம். புத்தகம் படிப்பது, வகுப்புக்கு வருவது, வீட்டுப்பாடம் முடிப்பது போன்று பிள்ளை தன் கையால் செய்து முடிக்கக்கூடிய ஒன்றுக்குக் கொடுப்பதைச் செய்கைக் காசு என்போம். நியூயார்க்கில் கொடுத்தது விளைவுக் காசு. டாலஸில் கொடுத்தது செய்கைக் காசு. ஒரு புத்தகத்தைப் படிப்பது எப்படி என்று எழுத்துக்கூட்டத் தெரிந்த ஏழு வயதுக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சிகாகோ இந்தப் பிரிவை உறுதிசெய்கிறது. அங்கே ஒன்பதாம் வகுப்பில் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை, பாடவாரியாக ஆசிரியர் இடும் தரத்துக்குக் காசு: முதல் தரத்துக்கு 50 டாலர், அடுத்ததற்கு 35, அதற்கடுத்து 20. பாதித் தொகையைப் பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை பிடித்து வைத்தார்கள். பிள்ளைகள் வகுப்புக்கு ஒழுங்காக வந்தார்கள், பாடத் தரங்களும் சற்று ஏறின. ஆனால் எல்லோருக்கும் பொதுவான திறன் தேர்வில் மாற்றம் இல்லை. வருகையும் ஒப்படைப்பும் பிள்ளையின் கையில் இருந்தவை, அவற்றை மாற்றினார்கள். திறன் தேர்வின் சாவி அவர்களிடம் இல்லை.

விலை போடாத பாடம்

அப்படியானால் எல்லாவற்றுக்கும் செய்கைக் காசு கொடுத்துவிடலாமே? ஃபிரையர் அதையும் சோதித்தார். 2010–11-இல் ஹூஸ்டன் நகரின் 50 பள்ளிகளில், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியைத் தாண்டுவதற்கும் 2 டாலர் என்று குலுக்கலில் தேர்வான 25 பள்ளிகளில் அறிவித்தார். பெற்றோருக்கும் தனியாகக் காசு உண்டு.

பிள்ளைகள் கணக்குப் படிகளைத் தாவித் தாவிக் கடந்தார்கள். ஆண்டுத் தேர்வின் கணக்கு மதிப்பெண்ணும் சற்று ஏறியது. அதே அளவுக்கு வாசிப்பு மதிப்பெண் இறங்கியது. பிள்ளையின் மாலைப் பொழுது ஒன்றுதான். கணக்குக்கு விலை வைத்ததும், விலை வைக்காத பாடத்திலிருந்து நேரம் கழன்று கணக்குக்குப் போனது.

சராசரிக்குக் கீழே ஒரு பிளவும் ஒளிந்திருந்தது. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் கணக்கில் ஏறினார்கள், வாசிப்பில் எதையும் இழக்கவில்லை; காசு நின்று இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அந்த ஏற்றம் நிலைத்தது. பின்தங்கியிருந்த பிள்ளைகள் கணக்கிலும் ஏறவில்லை, வாசிப்பிலும் இறங்கினார்கள், அந்த இறக்கமும் நீடித்தது. ஏழைப் பிள்ளைகளை மேலே தூக்கிவிட எடுத்த ஒரு நல்ல முயற்சி அவர்களில் மிகவும் பலவீனமானவர்களைக் கீழே தள்ளியது. காசுத் திட்டம் எதையும் “கொடுத்துத்தான் பார்ப்போமே, நஷ்டம் என்ன” என்று தொடங்கக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

படம் வரைந்த குழந்தைகள்

லஞ்சம் என்று சொல்லும் கட்சியிடமும் ஒரு புகழ்பெற்ற சோதனை இருக்கிறது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் அதை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் தானாகவே ஆர்வம் கொண்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமலே வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சு எதுவும் இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை.

வெளியிலிருந்து எதுவும் கிடைக்காவிட்டாலும் ஒன்றைச் செய்ய வைக்கும் விருப்பத்தை உள்ளூக்கம் என்று அழைக்கலாம். முன்பே பேரம் பேசிய பரிசு, இருக்கும் உள்ளூக்கத்தைத் தின்றுவிடக்கூடும். இது மெய்யான ஆபத்து. கதைப்புத்தகத்தைக் கையிலிருந்து பிடுங்க வேண்டிய அளவுக்குப் படிக்கும் குழந்தைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை பேசாதீர்கள்.

ஆனால் லஞ்சம் என்று சொல்பவர்கள், ஸ்டான்ஃபோர்டுக் குழந்தைகள் ஏற்கெனவே வரைய விரும்பியவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்த முடிவை எல்லா வகுப்பறைக்கும் நீட்டுகிறார்கள். ஒரு செயலில் விருப்பம் துளிர்க்கவே இல்லை என்றால் தின்ன அங்கே ஒன்றும் இல்லை. ஃபிரையரும் தம் பிள்ளைகளின் உள்ளூக்கத்தை வினாத்தாள் வைத்து அளந்தார். காசு அதைக் குறைத்ததற்கு அவருக்குச் சான்று கிடைக்கவில்லை.

ஒரு மாதம் என்பது நெடுந்தூரம்

காசு எப்போது கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் ஆகிய பொருளியலாளர்களின் குழுவினர் சிகாகோ வட்டாரப் பள்ளிகளில், தேர்வு தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் மட்டும் பரிசை அறிவித்தார்கள். தேர்வு முடிந்ததும் கையில் 20 டாலர் என்றபோது மதிப்பெண் ஏறியது. சிறு குழந்தைகளுக்கு ஒரு சின்னக் கோப்பையே போதுமானதாக இருந்தது. அதே பரிசு ஒரு மாதம் கழித்து வரும் என்றபோது பலன் மறைந்துவிட்டது. மார்ச்சில் எழுதும் தேர்வுக்குப் பள்ளி திறக்கும் ஜூனிலேயே சைக்கிளைப் பேசுவது எவ்வளவு பலவீனமான தூண்டுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

சில நிமிடங்களில் யாரும் பாடம் கற்றிருக்க முடியாது. ஏறியது அறிவு அல்ல, அன்றைய அக்கறை. கேள்வித்தாள் அறிவோடு சேர்த்து அக்கறையையும் அளக்கிறது.

புசியா மாவட்டத்துப் பெண்கள்

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு சாட்சியையும் நேர்மையாக விசாரிக்க வேண்டும். கென்யாவின் மேற்கில் புசியா, டெசோ என்று இரண்டு மாவட்டங்கள் இருந்தன. 2001-இல் ஐசிஎஸ் என்ற தொண்டு நிறுவனம், குலுக்கலில் தேர்வான பள்ளிகளில், ஆறாம் வகுப்புப் பெண்களில் மாவட்டத் தேர்வில் முதல் 15 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகை என்று அறிவித்தது. பள்ளிக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 500 ஷில்லிங், சீருடை, புத்தகம் போன்றவற்றுக்காகக் குடும்பத்துக்கு 1000 ஷில்லிங். அச்சு அசலான விளைவுக் காசு. மைக்கேல் கிரெமர், எட்வர்ட் மிகுவேல், ரெபெக்கா தார்ன்டன் ஆகியோர் அதை ஆராய்ந்தார்கள். இவர்களில் கிரெமர் 2019-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

புசியாவில் பெண்களின் மதிப்பெண் ஏறியது. பரிசு வாங்கும் வாய்ப்பே இல்லாத, பின்வரிசைப் பெண்களின் மதிப்பெண்ணும் ஏறியது. பரிசுக்குத் தகுதியே இல்லாத ஆண்பிள்ளைகளிடம்கூட முன்னேற்றம் தெரிந்தது. பணம் தொடாதவர்களை எது தொட்டது?

அந்தப் பள்ளிகளில் ஆசிரியர்களின் வருகை கூடியிருந்தது. பரிசளிப்பு ஊர் கூடி நடந்தது. பெற்றோர், ஆசிரியர், உள்ளூர் அதிகாரிகள் எல்லோரும் வந்தார்கள். எந்தப் பள்ளியின் பெண்கள் பரிசு வாங்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆசிரியர் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தினால் பின்வரிசைப் பெண்ணுக்கும் பக்கத்துப் பையனுக்கும் சேர்த்துத்தானே அந்தப் பாடம் கேட்கும்? நியூயார்க் பிள்ளையிடம் இல்லாத பாதையை இங்கே பாதை தெரிந்த பெரியவர்கள் கொண்டுவந்தார்கள். டெக்ஸாஸ் மாநிலத்திலும் கல்லூரித் தரத் தேர்வுகளில் தேறும் பிள்ளைகளுக்கு 100 முதல் 500 டாலர் வரை கொடுத்த ஒரு திட்டம் பலித்தது. அங்கே ஆசிரியர்களுக்கும் ஊக்கத்தொகையும் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள்.

பக்கத்து டெசோவில் பலன் இல்லை. 2001-இல் அங்கே ஒரு பள்ளியில் இடி விழுந்து ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். ஊராரில் சிலர் அந்தத் துயரத்தைத் தொண்டு நிறுவனத்தின் வருகையோடு முடிச்சுப்போட்டார்கள். சில பள்ளிகள் திட்டத்திலிருந்து விலகின. பெரியவர்களின் நம்பிக்கை போன இடத்தில் அதே பணம் பலிக்கவில்லை.

மாதம் 1000 ரூபாய்

தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் நெடுங்காலம் ஒரு திருமண உதவித் திட்டம் இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ பெற்றவருக்கு 50,000 ரூபாய், தாலிக்கு 8 கிராம் தங்கம். 2022-இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்பில் சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய், அவள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கில். 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது.

நம் கணக்கில் பழைய திட்டம் கல்யாணத்தன்று ஒரே முறை வரும் தொகை. புதியது மாதாமாதம் வரும் செய்கைக் காசு. இவ்வளவு மதிப்பெண் எடுத்தால்தான் என்ற நிபந்தனை அதில் இல்லை. கல்லூரியில் இருக்கிறாள் என்பதற்குத்தான் பணம், அது அவள் செய்து காட்டக்கூடிய ஒன்று. தரவரிசைக்குப் பரிசு கொடுக்கும் விழாக்களைவிட இதையே நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த 1000 ரூபாய் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி வந்தவர்களுக்கு. இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் குழந்தையை அது எட்டாது. அந்த வயதுக்கு டாலஸ் சோதனையைத் தமிழ்க் கதைப்புத்தகங்களை வைத்து நம் அரசுப் பள்ளிகளில் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பள்ளிகளைக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, குழந்தைகளுக்கு ஏற்ற புத்தகங்களை முதலில் அலமாரியில் நிரப்பி, படித்த புத்தகத்துக்கு அந்த வாரமே ஒரு சின்னத் தொகை. வாசிப்போடு கணக்கையும் அளக்க வேண்டும், ஹூஸ்டனில் நடந்தது இங்கே நடக்கிறதா என்று பார்க்க. பின்தங்கிய குழந்தைகளின் முடிவுகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். காசு நின்று ஓராண்டு கழித்தும் ஒரு முறை போய், எத்தனை குழந்தைகள் யாரும் சொல்லாமல் அந்த அலமாரியைத் திறக்கிறார்கள் என்று எண்ண வேண்டும்.